நீரை அளந்த அம்மையார்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காணி வாங்கப் புறப்பட்டால் அவர் முதலிற் கேட்கும் கேள்வி, "கிணற்றுத் தண்ணீர் எப்படி?" என்பதே. சுவரும் கூரையும் பின்னர்தான் கண்ணிற் படும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் வாழ்வோருக்கு இஃது இயல்பே. ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, நாவில் இட்டுப் பார்த்து, "இது நல்ல தண்ணீர், இது சவர், இது உவர்" என்று தீர்ப்புச் சொல்வதில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வல்லவர்கள்.

நாவு நல்ல கருவிதான். ஆயினும் அதற்கு எட்டாத குற்றங்கள் தண்ணீரில் உண்டு. பளிங்குபோலத் தெளிந்து, பருக இனித்து, உள்ளே நோயைச் சுமந்து வரும் நீரும் உண்டு. அத்தகைய நீரை நாவினால் அன்றி அளவினால் அறியவேண்டும் என்பதை ஒரு மாநிலம் முழுவதற்கும் செய்து காட்டிய பெருமையில் பெரும்பங்கு ஒரு பெண்மணிக்கு உரியது. சுற்றாடற் பொறியியல் என்று இன்று நாம் அழைக்கும் துறைக்கு அந்தப் பெயர் வழங்குவதற்கு முன்னரே அதன் அத்திவாரத்துக்குக் கல் சுமந்தவர் அவர். எலன் சுவாலோ றிச்சட்ஸ் என்பது அவர் பெயர்.

இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் அப்பெயரை நான் முன்னரே அறிந்திருந்தேன். ஆயின், அவருடைய வாழ்க்கையை ஒரு தந்தைக்கு எடுத்துச் சொல்லவேண்டிய தேவை அண்மையில்தான் நேர்ந்தது.

என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி கணிதப் பிரிவிற் சித்தியடைந்து, பொறியியற் பீடத்துக்குத் தெரிவானாள். தண்ணீரையும் கழிவுநீரையும் பற்றிய ஆராய்ச்சியே தன் குறிக்கோள் என்று வீட்டிற் சொல்லியிருக்கிறாள். அவளுடைய தந்தையார் செம்மண் நிலத்தில் வெங்காயம் பயிரிடும் விவசாயி. உழைத்து உரமேறிய மனிதர். ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார்.

"ரீச்சர், டொக்டருக்குப் படிச்சிருந்தால் ஊர் மதிக்கும். வீடு, பாலம் கட்டிற எஞ்சினியர் எண்டாலும் பரவாயில்லை. இவள் கக்கூசுத் தண்ணியை ஆராயப் போறன் எண்டு நிக்கிறாள். என்ரை அக்காவின்ரை மகள் பட்டம் எடுத்துப்போட்டு இரண்டு வருசமாய் வேலை இல்லாமல் இருக்கிறாள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் பிள்ளை கேப்பாள்."

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். அந்த வேலை ஒரு பெண்ணுக்கு மதிப்பானதா என்பது ஒன்று. அது சோறு போடுமா என்பது மற்றையது. முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. இரண்டாவதற்கு முழு விடை இருக்கவில்லை. அன்று அவருக்கு நான் கூறிய கதையையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் டண்ஸ்ரபிள் என்னும் சிற்றூரில் 1842 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் திகதி எலன் பிறந்தார். தந்தையும் தாயும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. பின்னாளில் தந்தையார் நடத்திய கடையில் எலன் உதவியாய் நின்றார். மேற்படிப்பு வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது, பணம் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், பிறர் வீடுகளிற் சமைத்தும், துப்புரவு செய்தும் 300 டொலர் சேர்த்தார். 1868 ஆம் ஆண்டில், நம் ஊர்ப் பெண்கள் பட்டம் பெற்று வெளியேறும் 25 வயதில், அவர் வாசர் கல்லூரியின் படியேறினார். பெண்களின் உயர்கல்விக்கென்று 1865 இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. 1847 இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற மறியா மிற்செல் அம்மையார் அங்கே வானியல் கற்பித்தார். இரசாயனவியல் கற்பித்த பேராசிரியர் பராரோ, விஞ்ஞானம் அன்றாட வாழ்வின் சிக்கல்களைத் தீர்க்க உதவவேண்டும் என்ற கொள்கையுடையவர். வானைப் பார்ப்பதா, மண்ணைப் பார்ப்பதா என்ற தெரிவில் எலன் மண்ணைத் தெரிந்துகொண்டார்.

1870 இற் பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. பொஸ்ரன் நகரிலிருந்த இரசாயனப் பகுப்பாய்வாளர் சிலரிடம், தம்மைத் தொழில் பழகுபவராகச் சேர்த்துக்கொள்ளுமாறு கடிதம் எழுதினார். அவர்கள் மறுத்தனர், ஆயினும் அதே நகரில் அண்மையில் தொடங்கப்பட்ட தொழினுட்ப நிறுவனத்தைக் கேட்டுப் பார்க்கும்படி யோசனை கூறினர். இன்று எம்.ஐ.ரி. என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுவே. அங்கு அதுவரை ஒரு பெண்ணும் படித்ததில்லை. பேராசிரியர்கள் கூடி ஆராய்ந்து 1870 டிசம்பரில் ஒரு தீர்மானம் செய்தனர். சுவாலோ அம்மையாரை இரசாயனவியலில் விசேட மாணவியாகச் சேர்க்கலாம்; ஆனால் இஃது ஏனைய பெண்களைச் சேர்ப்பதற்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளப்படலாகாது என்பது அதன் கருத்து.

அவரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. தம் வறுமையை எண்ணிச் செய்த உதவி என்று அவர் நம்பினார். உண்மை பின்னர்தான் தெரிந்தது. யாரேனும் ஆட்சேபித்தால், "அவர் எங்கள் மாணவியே அல்லர்" என்று நிறுவனத்தின் தலைவர் சொல்லிக்கொள்வதற்காகவே கட்டணம் விலக்கப்பட்டிருந்தது. எந்த அடிப்படையிற் சேர்க்கப்பட்டேன் என்று முன்னரே அறிந்திருந்தால் அங்குக் காலடி வைத்திருக்கவே மாட்டேன் என்று அவர் பிற்காலத்திற் கூறினாராம். கதவு திறந்திருந்தது, ஆனால் உள்ளே வந்தவரின் பெயரை ஏட்டில் எழுத எவருக்கும் மனம் இருக்கவில்லை.

1871 இல் தந்தையார் காலமானார். தாயைத் தாங்கும் பொறுப்பும் மகளின் தோளில் வீழ்ந்தது. அந்நாட்களில் அவர் ஆய்வுகூடத்தைத் தூசு தட்டினார். பேராசிரியர்களின் கிழிந்த உடைகளைத் தைத்துக் கொடுத்தார். படிப்பு ஒரு பெண்ணை மற்றெதற்கும் உதவாதவளாக்கிவிட்டது என்று ஒருவரும் சொல்ல இடம் வைக்கலாகாது என்பது அவர் எண்ணம். இதனை முதன்முதல் வாசித்தபோது எனக்குப் பெருமையைக் காட்டிலும் வேதனையே மிகுந்தது. அவருடன் படித்த இளைஞர் எவரும் தாம் படிக்கத் தகுந்தவர் என்பதை ஊசியும் நூலும் கொண்டு நிலைநாட்டவேண்டியிருக்கவில்லை அன்றோ?

1872 இல் அவருடைய வாழ்வின் திசை தெளிவாயிற்று. மசசூசெற்ஸ் மாநிலத்தின் சுகாதார சபை, நீர்நிலைகளைச் சோதிக்கும் பணியைப் பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸிடம் ஒப்படைத்தது. அவர் அதற்கு உதவியாளராகச் சுவாலோவைத் தெரிந்தார். தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. ஒரே ஆற்றில் மேலூரார் கழிவை விட, கீழூரார் குடிநீர் மொண்டனர். நெருப்புக் காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் கவர்ந்தது. போத்தலில் வந்த நீரைப் பகுத்து, இன்ன ஊர் நீரில் இன்ன பொருள் இவ்வளவு என்று எழுதும் கையாக அவருடைய கை அமைந்தது.

1873 இல் அந்நிறுவனத்தின் பட்டத்தைப் பெற்ற முதற் பெண் என்ற சிறப்பு அவருக்குக் கிட்டியது. அதே ஆண்டில் வாசர் கல்லூரி அவருக்கு முதுமாணிப் பட்டம் வழங்கியது. தொடர்ந்தும் ஆய்வு செய்தார். கலாநிதிப் பட்டம் மட்டும் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. 1875 இல் சுரங்கப் பொறியியற் பேராசிரியர் றொபேட் றிச்சட்ஸை மணந்தார். மணமக்களின் தேனிலவுப் பயணம் நோவா ஸ்கோஷியாவுக்கு. கூடவே பேராசிரியரின் சுரங்கவியல் மாணவர் கூட்டமும் சென்றது! இத்தகைய தேனிலவை எத்தனை மணமகள் பொறுப்பாள் என்று என் மாணவிகளிடம் கேட்பதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள். எலன் அம்மையார் கற்களையும் தாதுக்களையும் ஆராய்ந்து மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். 1879 இல் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் சங்கத்தில் முதற் பெண் உறுப்பினராகவும் அவர் சேர்ந்தார்.

திருமணமான மறுவருடம், 1876 இல், பொஸ்ரன் நகரப் பெண்கள் கல்விச் சங்கத்தின் ஆதரவோடு, அதே நிறுவனத்திற் பெண்களுக்கென ஓர் இரசாயன ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. அதனைத் திறப்பதற்கு உழைத்தவரும், திறந்தபின் நடத்தியவரும் எலன் அம்மையாரே. அங்கு வந்து பயின்றவர்களுட் பலர் பாடசாலை ஆசிரியைகள். சோதனைக் குழாயைப் படத்தில் மட்டும் கண்டு பாடம் நடத்திய அவர்கள், அதனைக் கையிற் பிடித்துப் பழகினர். ஆசிரியைகளுக்குக் கற்பித்தால் ஆயிரம் மாணவிகளுக்குக் கற்பித்ததாகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருக்கவேண்டும். அந்த ஆய்வுகூடத்துக்காகத் தம் உழைப்பை மாத்திரமன்றி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1000 டொலர் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். 1879 இல் அவருக்கு உதவிப் போதனாசிரியர் என்ற பதவிப் பெயர் வழங்கப்பட்டது. பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்தப் பதவிக்கும் ஊதியம் இல்லை.

1883 இல் அந்தப் பெண்கள் ஆய்வுகூடம் மூடப்பட்டது. வருந்தவேண்டியதில்லை. ஆண்களோடு சமமாகப் பெண்களையும் வழமையான மாணவராகச் சேர்த்துக்கொள்ள நிறுவனம் இணங்கியதனால், தனி ஆய்வுகூடம் தேவையற்றதாயிற்று. "முன்மாதிரி ஆகாது" என்ற தீர்மானம் எழுதப்பட்டு 13 ஆண்டுகளே சென்றிருந்தன. தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின்னே சாத்திவிடாமல், மற்றவர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

1884 இற் சுகாதார இரசாயனவியலுக்கென அங்கே ஒரு புதிய ஆய்வுகூடம் எழுந்தது. அதிற் போதனாசிரியராக நியமிக்கப்பட்ட எலன் அம்மையார் தம் இறுதிநாள்வரை அப்பதவியிலேயே இருந்தார். அங்குதான் அவருடைய பெரும்பணி நிகழ்ந்தது.

1886 இல் மசசூசெற்ஸ் சட்டசபை உள்நாட்டு நீர்நிலைகளின் தூய்மையைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1887 இல் மாநிலத்தின் நீர் முழுவதையும் ஆராயும் பணி ஆரம்பமாயிற்று. பேராசிரியர் தோமஸ் டிறவுண் பொறுப்பாளர். ஆய்வுகூடத்தின் அன்றாட வேலையை மேற்பார்த்து நடத்தியவர் எலன் அம்மையார். ஊர்களிலிருந்து போத்தல்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டாண்டுகளுக்குள் 20,000 இற்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் அமோனியா எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, குளோரீன் எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். நேற்று வந்த போத்தலை நாளை பார்க்கலாம் என்று வைக்க முடியாது. நீர் நின்றால் அதன் தன்மை மாறிவிடும்.

இந்த அளவைகளிலிருந்து பிறந்த ஒரு வரைபடத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூறவேண்டும். கறியுப்பில் உள்ள குளோரைட்டை அளப்பது எளிது. நம் உயர்தர மாணவர்கள் அறிவார்கள். நீரிற் சிறிது பொற்றாசியம் குரோமேற்றை இட்டு, அளவியிலிருந்து வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். குளோரைட்டு முழுவதும் தீர்ந்த கணத்தில் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். அதுவரை செலவான கரைசலைக் கொண்டு உப்பின் அளவைக் கணக்கிடலாம். அளப்பது எளிது, அளந்ததன் பொருளை அறிவது எளிதன்று.

ஏனெனில் நீருக்கு உப்பு இரு வழிகளால் வரும். கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து மழையோடு நிலத்திற் சேர்க்கும், இஃது இயற்கை. மனிதர் உண்ணும் உப்பு உடலைவிட்டு நீங்கிக் கழிவோடு நிலத்திற் சேரும், இது மாசு. ஒரு கிணற்றில் உப்பு இவ்வளவு என்று மட்டும் தெரிந்தால், அது கடல் தந்ததா, கக்கூசு தந்ததா என்று எங்ஙனம் சொல்வது? அதற்கு, மாசுபடாத நீரில் அந்த இடத்துக்கு இயல்பான உப்பு எவ்வளவு என்று முதலில் தெரியவேண்டும். மாநிலமெங்கும் மாசற்ற நீர்நிலைகளின் குளோரீன் அளவுகளை வரைபடத்திற் குறித்து, ஒத்த அளவுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தனர். கோடுகள் கடற்கரையை அனுசரித்து வரிவரியாய் அமைந்தன. கரையை அண்டி உப்பு மிகுதி. உள்நாடு செல்லச் செல்லக் குறைவு. "இயல்பான குளோரீன் வரைபடம்" என்று அதற்குப் பெயரிட்டனர். அதன்பின் ஓர் ஊர்க் கிணற்றில் அவ்வூருக்குரிய கோட்டின் அளவைவிட உப்புக் கூடியிருந்தால், அங்கே கழிவு கலக்கிறது என்று ஐயுறலாம்.

குழந்தையின் உடம்பு சுடுகிறது என்று தாய் எப்படிச் சொல்கிறாள்? சுகமாயிருக்கும்போது அந்த உடம்பு எப்படி இருக்கும் என்பதைத் தன் கை அறிந்திருப்பதனாலன்றோ? எலன் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு மாநிலத்தின் நீர் சுகமாயிருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை எழுதி வைத்தனர். கெட்டதைக் கண்டுபிடிப்பதற்கு முன் இயல்பானதை அளந்து வைக்கவேண்டும் என்ற இந்த நெறி, இன்றும் சுற்றாடல் ஆய்வின் முதற்பாடமாய் நிற்கின்றது.

அதே காலத்தில், 1887 இல், அதே மாநிலத்து லோறன்ஸ் நகரிற் சுகாதார சபை ஒரு பரிசோதனை நிலையத்தை நிறுவியது. மணலினூடாக நீரை மெதுவாக வடியவிட்டுத் தூய்மையாக்கும் முறை அங்கு ஆராயப்பட்டது. 1893 இல் மெறிமாக் ஆற்றின் நீரை வடிக்க அந்நகரில் ஒரு பெரிய மணல் வடிகட்டி அமைக்கப்பட்டபின், நெருப்புக் காய்ச்சலால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. இத்தகைய பணிகளைச் செய்யவிருந்த இளம் பொறியியலாளருக்கு நீரையும் காற்றையும் கழிவுநீரையும் பகுத்தாராயக் கற்பித்தவர்களுள் எலன் அம்மையாரும் ஒருவர். 1900 இல் அவரும் வூட்மன் என்பவரும் இணைந்து காற்று, நீர், உணவு ஆகிய மூன்றையும் சுகாதார நோக்கில் ஆராயும் பாடநூல் ஒன்றை வெளியிட்டனர். வீட்டையும் ஆய்வுகூடத்தையும் அவர் வேறாக எண்ணவில்லை. சமையலிலும் துப்புரவிலும் உள்ள இரசாயனவியலைப் பற்றி 1882 இலேயே நூல் எழுதினார். 1908 இல் அமைந்த அமெரிக்க மனையியற் சங்கத்துக்கு முதல் தலைவரும் ஆனார். 1910 இல் சிமித் கல்லூரி அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1911 மார்ச் 30 ஆம் திகதி தம் 68 ஆவது வயதில் இறந்தபோது அவர் இன்னும் போதனாசிரியரே. பேராசிரியர் என்ற பெயரை அந்நிறுவனம் அவருக்கு ஒருபோதும் கொடுக்கவில்லை. அவர் பட்டம் பெற்ற நூற்றாண்டில், 1973 இல், அவர் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியை அதே நிறுவனம் ஏற்படுத்தியது.

இக்கதையை அந்தத் தந்தையார் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அப்ப அந்த அம்மாவுக்கும் கன காலம் சம்பளம் இல்லை எண்டு சொல்லுறியள்" என்றார். கூர்மையான மனிதர்! ஆம் என்றேன். ஊதியமின்றி உழைத்த ஆண்டுகளைத் தியாகம் என்று மேடையிற் புகழ்வது எளிது. என்னால் அப்படிப் புகழ முடியவில்லை. பொறுமை அவருடையது, அநீதி மற்றவர்களுடையது. அவருக்கு ஊதியம் பெறும் கணவர் இருந்தார்; அந்தக் கணவர் மனைவியின் ஆய்வைத் தம் ஆய்வுபோல மதிப்பவராகவும் இருந்தார். அவ்விரண்டும் இல்லாத எத்தனை பெண்களின் திறமை வாடிப் போயிருக்கும்! ஆகவே, "எலன் அம்மையார்போல நீயும் பொறுத்திரு" என்று நம் பெண்ணுக்குப் புத்தி சொல்ல நான் விரும்பவில்லை. அவளுக்கு உழைப்புக்கு ஏற்ற ஊதியம் வேண்டும். அது கிடைக்கும் என்று அவளுடைய தந்தைக்கு என்னால் உறுதி கூறவும் இயலவில்லை. வேலை தேடி நிற்கும் பட்டதாரிகள் நம் ஊரிற் பலர் என்பதை நானும் அறிவேன்.

ஆயினும் அந்த வேலைக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால் நான் தயங்காமல் விடை சொல்வேன். அதற்கு என் சொந்தக் கதையிற் சிறிது சொல்லவேண்டும்.

1990 களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், நான் பாடசாலை மாணவி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்திற் படித்த தலைமுறை எங்களுடையது. வெள்ளிநைத்திரேற்றின் வெண்ணிற வீழ்படிவை நாங்கள் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்துதான் கண்டோம். போத்தல் வெறுமையாய் இருந்தது. 1995 இல் இடப்பெயர்வு, பின்பு மீள்வரவு. இவற்றைக் கடந்து விஞ்ஞானப் பட்டதாரியானேன். 2006 தை மாதத்திற் கிணற்று நீரைப் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கினேன். சில கிராமங்களின் கிணறுகளில் குளோரைட்டும் நைத்திரேற்றும் மாதந்தோறும் எவ்வாறு மாறுகின்றன என்று ஓர் ஆண்டு முழுவதும் அளப்பதே நோக்கம். விடியற்காலையிற் சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு போவேன். "குமர்ப்பிள்ளை ஊரூராய்ப் போய்க் கிணறு எட்டிப் பார்க்குது" என்று உறவினர் சிலர் என் தாயாரிடம் குறைப்பட்டனர். அம்மா, "அவள் குதிக்கிறதுக்கு எட்டிப் பார்க்கேல்லை, படிக்கிறதுக்குத்தான் எட்டிப் பார்க்கிறாள்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. இரசாயனப் பொருள்கள் வரவில்லை. ஊரடங்கு வேளைகளில் போத்தல்களோடு வீதியிற் செல்வதும் இயலாததாயிற்று. ஏழு மாதக் குறிப்புகளோடு ஆய்வு நின்றது. ஆசிரிய நியமனம் வந்தது, ஏற்றுக்கொண்டேன். அந்த வாழ்வில் எனக்குக் குறையில்லை. அந்தக் குறிப்புப் புத்தகம் மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

நம் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் துளைகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்கு ஒரு சான்று. இயந்திரம் வைத்து அளவுக்குமேல் இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். ஆதலால் நம் கிணற்றில் உப்புக் கூடினால், அது கழிவைக் காட்டுவதாக உடனே முடிவுசெய்ய முடியாது. இங்கே நாம் கூடுதலாக அஞ்சவேண்டியது நைத்திரேற்றை. தோட்டத்துக்கு அள்ளிக் கொட்டும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழியும் அதனைத் தருகின்றன. துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அதனைத் தடுப்பதில்லை. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை. நம் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடந்திருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நைத்திரேற்றுக்குச் சுவை இல்லை; மணமும் இல்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்வதை அது தடுக்கக்கூடும். நாவினால் தீர்ப்புச் சொன்ன பாட்டியாருக்கு இதனை அறிய வழியே இல்லை.

இதனை நான் சொன்னபோது அந்தத் தந்தையாரின் முகம் மாறியது. யூரியாவை அவர் எவ்வளவு இடுகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கடை கிணத்துத் தண்ணியை ஆர் பாக்கிறது, ரீச்சர்?" என்று கேட்டார். "அதைப் பார்க்கத்தானே உங்கள் மகள் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள்" என்றேன். அவர் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மாணவி இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் முதலாம் வருடம் பயில்கிறாள். எந்தப் பொறியியற் பிரிவு என்று தீர்மானிக்க இன்னும் காலமிருக்கிறது. புறப்படுமுன் சொல்லிக்கொண்டு போக வந்தவளிடம், அந்தப் பழைய குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஏழு மாத அளவைகள் ஓர் ஆண்டு ஆய்வுக்குப் போதா. ஆனால், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்பதற்கு அவை சாட்சி. இன்று அதே கிணறுகளை மீண்டும் அளப்பவருக்கு, நீர் திருந்தியதா கெட்டதா என்று சொல்ல அந்தப் பழைய எண்கள் வேண்டும். அவள் பக்கங்களைப் புரட்டி, "ரீச்சர், இதில எங்கடை ஊர்க் கிணறும் இருக்கு" என்றாள்.

பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகிறேன். கழிவுநீரை ஆராய்வது இழிதொழில் அன்று. நோயாளியின் சிறுநீரைச் சோதிப்பவரை நாம் இழிவாய் எண்ணுவதுண்டா? ஒருவருக்கு வந்த நோயை வைத்தியர் தீர்க்கிறார். ஆயிரம் பேருக்கு நோய் வராமல் நீரைக் காப்பவரும் வைத்தியரே. உங்கள் மகள் அந்த வழியை நாடினால், வேலை கிடைக்குமா என்று கேளுங்கள்; கேட்கவேண்டிய கேள்விதான் அது. அதனை மகளிடம் மட்டும் கேளாமல், உங்கள் பிரதேச சபையிடமும், வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள். நீரை அளக்க ஆட்களை நியமிப்பதும், அவர்களுக்கு ஊதியம் கொடுப்பதும் அவர்களுடைய கடமை.

மாணவ மாணவிகளுக்கும் ஒரு சொல். பெருங் கண்டுபிடிப்புத்தான் விஞ்ஞானம் என்று மயங்கவேண்டாம். எலன் அம்மையாரின் புகழுக்கு அடியில் இருப்பவை 20,000 போத்தல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஓர் ஊர், ஓர் அளவு. உங்கள் வீட்டுக் கிணற்றில் மாரியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கோடையில் எந்த மட்டத்துக்கு இறங்குகிறது, மலக்குழி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். இயலுமானால் மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் நீரைச் சோதிப்பித்து, கிடைத்த எண்களைத் திகதியோடு எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் ஒருவருக்கு அந்தப் பக்கம் வேண்டியிருக்கும்.